கழிவு: முதியவர் – 1

மார்ச் 4

தலைமை அலுவலகத்துப் பொறியாளர் அம்மையாருக்கு,

ஐந்து வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சமாதானத்துக்கு இறங்கி வருகிறான் என்று நினைத்துவிடாதே. இது புகார். வட்டார அலுவலகத்தில் மூன்று தடவை கொடுத்தேன். மூன்று தடவையும், "சார், இது மேலிடத்துத் திட்டம், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மேலிடம் யார் என்று விசாரித்தால், நீ.

செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டரைக்கு உங்கள் வண்டி வருகிறது. இரும்புக் கை ஒன்று எங்கள் குப்பைத் தொட்டியைத் தூக்குகிறது. பிறகு தெருவுக்கே கேட்கும்படி ஒலிபெருக்கி பேசுகிறது: "வீட்டு எண் பதினேழு. பதினொன்று புள்ளி நான்கு கிலோ. நன்றி."

அந்தக் குரல் உன்னுடையது. எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. 'நான்கு' என்பதை நீ மட்டும்தான் அப்படிக் கடித்துச் சொல்வாய். ஜன்னலோர நாற்காலியில் இருந்த அப்பா, "டேய் பெரியவனே, நம்ம சின்னவ குரல் மாதிரி இல்ல?" என்றார். "ஏதோ மெஷின்பா" என்று சொல்லிவிட்டேன். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக ஒரு பக்கம் விழுந்து கிடக்கும் மனிதரிடம், உங்கள் டயப்பரின் எடையை உங்கள் மகள்தான் தெருவுக்கு அறிவிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

பதினொரு கிலோவில் எட்டு கிலோ அவருடையது. ஈரம் கனமானது, பொறியாளரே. அது உங்கள் பாடத்தில் இருந்திருக்கும்.

இனி புகாருக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை தொட்டியைக் கழுவித் துடைத்துக் காலியாக வைத்தேன். உன் குரல், "ஒன்று புள்ளி நான்கு கிலோ. நன்றி" என்றது. காலித் தொட்டிக்கு நன்றி வேறு. தொட்டியின் சொந்த எடையை உங்கள் தராசு சரியாகக் கழிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் சொல்கிறேன். அந்தத் தராசில் அரசு முத்திரையும் இல்லை. முத்திரையில்லாத தராசு சொல்லும் எடைக்குக் கட்டணம் கட்ட மாட்டேன்.

'பிடிவாதக்காரர்' என்று மறுபடி நீ எழுதலாம். முன்பே எழுதிப் பழக்கம்தானே.

அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரித்துப் படித்தால் திட்டு. நிம்மதியாக இருந்தது.

குரல் என்னுடையதுதான். வெளியே ஆளை வைத்துப் பதிவு செய்யப் பணம் ஒதுக்கவில்லை. ஒரு மதியம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பூஜ்யத்திலிருந்து நூறுவரை நானே சொன்னேன். எடையைச் சத்தமாகச் சொன்னால் வண்டிக்காரர்கள் கூட்டி எழுத முடியாது என்பதற்காகத்தான் அது. உன்னைப் போன்ற ஒரு ஆய்வாளர் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன்.

இந்தத் திட்டம் ஏன் வந்தது என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் மழையில் எங்கள் குப்பை மேடு சரிந்தது. அடியில் ஒன்பது வீடுகள். இரண்டு நாள் நான் அங்கே பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றேன். ஆளைத் தோண்டி எடுத்ததும் பெயருக்கு நேரே கோடு போடுவது என் வேலை. அந்த மேட்டில் கிடந்தது எல்லாம் யாரோ யோசிக்காமல் தூக்கிப் போட்டது. போடுகிறவனுக்குக் கொஞ்சமாவது உறைக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உங்கள் வட்டாரத்தில் இப்போதே குப்பை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது.

நோயாளி இருக்கும் வீட்டுக்குச் சலுகை உண்டு. கட்டணக் கழிவு விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் வேலையைப் பற்றி விசாரித்த குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த வரி, 'நேர்மையானவர், ஆனால் பிடிவாதக்காரர்' என்பது. பின்பாதியை ஐந்து வருடமாகச் சொல்லிக் காட்டுகிறாய். முன்பாதியையும் நான்தான் எழுதினேன்.

அப்பா சாப்பிடுகிறாரா? போனை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சின்னவள்


மார்ச் 21

அம்மையாருக்கு,

மேடு சரிந்ததைப் பற்றி நான் வாதாட வரவில்லை. அங்கே நீ நின்றது எனக்குத் தெரியாது. அதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. எழுதிவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

மற்றதில் இல்லை. குறைந்துவிட்டது என்கிறாயே, எப்படிக் குறைந்தது என்று தெருவுக்கு வந்து பார். எதிர்வீட்டுத் தையற்காரர் வெட்டுத்துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டி மச்சினன் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அந்த வட்டாரத்தில் இன்னும் திட்டம் வரவில்லையாம். "மாமியார் வீட்டுக்கு ஒண்ணுமே குடுக்கலன்னு சொன்னாளுங்க, இப்ப குடுக்கறேன் சார்" என்கிறார். உங்கள் கணக்கில் அது முன்னேற்றம்.

தையற்காரருக்கு மச்சினன் இருக்கிறான். அப்பாவுக்கு? யோசிக்காமல் தூக்கிப் போடுகிறவனுக்கு உறைக்க வேண்டும் என்றாய். அப்பா எதை யோசிக்காமல் போட்டார்? அவர் எதைக் குறைக்க வேண்டும்? உன் கடிதத்தைப் படித்துவிட்டு இதைத்தான் வீட்டுக்குள் கத்தினேன். "மெதுவாடா, அக்கம்பக்கம் கேக்கப்போகுது" என்றார் அப்பா. கேட்கட்டும் என்றேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை, திருப்பி அனுப்புகிறேன். சலுகை கேட்டால் உங்கள் தராசை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சலுகையா கேட்டேன்? தராசைச் சரி செய் என்றேன். அப்புறம், குப்பைக்கும் கழிவு, சலுகைக்கும் கழிவு என்றால் படிப்பவன் என்ன நினைப்பான்? தள்ளுபடி என்று போட்டிருக்கலாம். நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவரின் மகள் நீ.

ஒவ்வொரு வண்டிக்கும் அது சொல்லும் எடையைத் தேதி போட்டுக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வருகிறேன். உங்கள் மேல் வழக்குப் போட்டால் அதுதான் சாட்சி.

அண்ணன்


ஏப்ரல் 8

அம்மையாருக்கு,

நான் கையெழுத்துப் போடாத விண்ணப்பத்தில் நீயே போட்டு அனுப்பியிருக்கிறாய். பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள்.

அதன் பலன் போன வாரம் வந்தது. வண்டியோடு வந்த பெண் நாலு விரல் அகலத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளைக் கொண்டுவந்து தொட்டியின் முகப்பில் ஒட்டினாள். உரித்தால் அபராதமாம். அதில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

கழிவு: முதியவர் – 1

குப்பைத் தொட்டியின் மேல்.

தையற்காரர் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மூலைவீட்டுப் பையன் சத்தமாகப் படித்துவிட்டு, "உள்ளயா இருக்காரு?" என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் எழுத்துக்கூட்டிச் சரியாகத்தான் படித்தான்.

அப்பா ஜன்னலிலிருந்து பார்த்தார். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர், "பிழை ஒண்ணும் இல்லடா. சரியாத்தான் போட்டிருக்கா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்.

இதற்கு உன்னை மன்னிக்கப்போவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்பதையும் தெரிந்துகொள். என் புகாருக்குப் பிறகு உங்கள் ஆட்கள் சத்தமில்லாமல் தராசைத் திருத்தியிருக்கிறார்கள். சுவரில் இருக்கிறது: பதினொன்று புள்ளி நான்கு, பத்து புள்ளி ஒன்று, எட்டு புள்ளி ஆறு, ஏழு புள்ளி இரண்டு. முத்திரை கேட்டவனைக் கண்டு தராசு பயந்துவிட்டது. எழுத்தில் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

கேட்டாயே என்பதற்காகச் சொல்கிறேன். அப்பா பரவாயில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை மாற்றிய இடத்தில் இப்போது இரண்டே போதும். தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் காலி. அவர் பக்கத்து ஜன்னல் செடிகூடத் துளிர்த்திருக்கிறது. உன் தயவில்லாமல் தேறி வருகிறார்.

அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நேற்றிலிருந்து பதினொரு தடவை போன் செய்துவிட்டேன். நீ எடுக்க மாட்டாய். தையற்காரரின் எண்ணாவது என்னிடம் இருந்திருக்க வேண்டும்.

முதலில் இதைச் செய். தராசை யாரும் தொடவில்லை. வட்டாரப் பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் அவருக்கு அனுப்பி வைத்த உன் புகார் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது, பிரிக்கக்கூட இல்லை. தராசு அப்படியே இருக்கும்போது எடை ஏன் குறைந்தது? நாலு எப்படி இரண்டு ஆனது? அப்பா குடிப்பதை நீ கண்ணால் பார்த்தாயா? காலி டம்ளரைத்தானே பார்த்தாய்? அவர் உதடு காய்ந்திருக்கிறதா, இப்போதே போய்ப் பார். மற்றதைப் பிறகு படி.

ஒட்டுத்தாளைப் பற்றி. என்னிடம் வந்த மாதிரியில் 'கட்டணக் கழிவு: முதியவர் சலுகை, எண்ணிக்கை 1' என்றுதான் இருந்தது. நாலு விரல் அகலத்தில் அடங்கவில்லை. "எதையாவது எடுங்க மேடம், எழுத்து பெருசா இருக்கணும்" என்றார் அச்சகத்துக்காரர். போனில் பேசிக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாக நான்தான் எடுத்தேன். 'கட்டணக்' வேண்டாம், 'சலுகை' வேண்டாம், 'எண்ணிக்கை' வேண்டாம். மிச்சம் என்ன நின்றது என்று திரும்பப் படிக்கவில்லை. அச்சுக்கு ஒப்புதல் கொடுத்த தாளின் கீழே என் கையெழுத்து இருக்கிறது. வேறு யார் தலையிலும் போட முடியாது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். நீ போட மாட்டாய் என்று தெரிந்துதான் போட்டேன்.

அப்பாவைப் பார்.

சின்னவள்


ஏப்ரல் 16

சின்னவளுக்கு,

உன் கடிதம் ஒரு நாள் தாமதம். பதினான்காம் தேதி காலையில் எழுப்பினால் கண்ணைத் திறக்கவில்லை. தையற்காரரும் நானும் நாற்காலியோடு தூக்கி வாடகை வண்டியில் ஏற்றினோம். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். சிறுநீரகம் என்ன நிலையில் இருக்கிறது என்று இன்னும் இரண்டு நாளில் தெரியுமாம்.

அந்த டாக்டர் பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "வீட்டுல தண்ணி குடுக்கறீங்களா, இல்ல காட்டிட்டு எடுத்துட்டுப் போயிடறீங்களா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் செடியின் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தேன். சேறு.

நேற்று அப்பாவுக்குப் பேச்சு வந்தது. கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தார். நர்ஸிடம், "ஏம்மா, இது எத்தன கிலோ?" என்றார். அவள் சிரித்தாள். "அரை லிட்டர்தான் தாத்தா, எதுக்கு?" அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அரை கிலோ கூடும்" என்றார்.

காலித் தொட்டியை இன்னொரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் போதும். தராசு திருந்தவில்லை என்று தெரிந்திருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் எடை குறைத்துக் காட்டும் தராசை நான் ஒரு நாளும் நம்பியதில்லை, இரண்டாவது சோதனை செய்யாமல் விட்டதில்லை. இந்த ஒரு தடவை விட்டேன். எனக்குச் சாதகமாக இருந்தது, விட்டேன்.

ஒட்டுத்தாள் உன் வேலை. அதற்காகத்தான் உன்னைத் திட்ட உட்கார்ந்தேன்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சொல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்போம்.

நர்ஸின் போனில் அப்பாவிடம் பேசினேன். ஏன்பா இப்படிச் செஞ்சீங்க என்றேன். "ஒட்டுனதுக்கெல்லாம் இல்லம்மா. அதுக்கு முன்னாலயே குறைச்சுட்டேன். உங்கண்ணன் செவுத்துல பெருசா எழுதறான். நான் எதைக் குறைக்கணும்னு கத்தறான். எனக்குக் குறைக்க வேற என்ன இருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வரி விட்டுப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் தெருவுக்கு அறிவித்தேன். நீ கூடத்தில் எழுதி வைத்தாய். என் பங்கை நான் சுமக்கிறேன். உன் பங்கையும் சேர்த்துச் சுமக்கச் சொல்லாதே, மாட்டேன்.

இங்கே நடந்ததைக் கேள். நோயாளியின் கழிவை எடை போடக் கூடாது, தொட்டியில் எதையும் ஒட்டக் கூடாது என்று உன் புகாரையும் இணைத்துக் குறிப்பு எழுதிப் போட்டேன். இயக்குநர், "ஒரு வீட்டுக்காக விதியை மாத்த முடியுமாம்மா? அதுவும் உங்க வீட்டுக்காக" என்றார். என் வீடு மாதிரி எத்தனை வீடு என்று எண்ணிவிட்டீர்களா என்றேன். எண்ணவில்லையாம். "உங்கண்ணன் மாதிரியே பேசறீங்களே" என்றார். அப்படித்தான் பேசுவேன் என்றேன்.

பிறகு ஒன்று யோசித்தேன். அறிவிப்புக் குரலுக்கு என்னிடம் யாரும் ஒப்பந்தம் வாங்கவில்லை. நான் சும்மா கொடுத்தது. சும்மா கொடுத்ததைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். மே முதல் தேதியிலிருந்து எந்த வண்டியும் என் குரலில் பேசாது. எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. விளக்கத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: 'நேர்மையானவர், ஆனால் பிடிவாதக்காரர்.' யார் எழுதியதோ, நன்றாக எழுதியிருக்கிறார்.

ரயிலில் ஆறு மணி நேரம். நோட்டீஸுக்கான விசாரணை முடிந்ததும் கிளம்புகிறேன். வா என்று நீ சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தது என் திமிர்.

சின்னவள்


மே 5

சின்னவளுக்கு,

அப்பாவை இருபத்தெட்டாம் தேதி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சிறுநீரகம் தப்பித்தது. அவர் வருவதற்குள் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டேன். உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தார். "வழக்கு என்னடா ஆச்சு?" என்றார். "வேற மாதிரி போடறேன்" என்றேன். போட்டேன், இன்று காலையில்.

எடைக்கல் ஐந்து கிலோவாக நாலு. கடைத் தராசுகளைப் பழுது பார்க்க நான் வைத்திருப்பவை, முத்திரை உள்ளவை. அவற்றைத் தொட்டிக்குள் வைத்துத் தெருவில் நின்றேன். தையற்காரர், மூலைவீட்டுப் பையனின் அம்மா, அவர்களோடு ஏழெட்டுப் பேர். அப்பாவின் நாற்காலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். மே தின விடுமுறைக்குப் பிறகு முதல் வண்டி, ஊமையாக வந்து நின்றது. இப்போது எடையை டிரைவரே கத்திச் சொல்ல வேண்டும்போல.

"இருபத்தொண்ணு புள்ளி நாலு!" என்று கத்தினார்.

கொட்டுவதற்கு முன்னால் இறக்கச் சொல்லித் தொட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கூட்டத்தின் கையில் கொடுத்தேன். முத்திரையைத் தடவிப் பார்த்தார்கள். "அப்ப இத்தன நாளும் எங்க வீட்லயும் ஒண்ணரை கிலோ கிட்ட சேர்த்துத்தான் போட்டீங்களா?" என்று பையனின் அம்மா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். டிரைவர் இறங்கி வந்து என் காதோரமாக, "சார், பெரியவர் மூட்டைய மட்டும் தனியா என் கையில குடுத்துடுங்க. எடையில காட்டாம பின்னால போட்டுக்கறேன். யாருக்கும் தெரியாது" என்றார். நல்ல மனிதர். முடியாது என்றேன். தெரியாமல் செய்ய இதில் என்ன வெட்கம் இருக்கிறது? எல்லாரும் பார்க்க, எடை போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அப்பாவின் டயப்பர் மூட்டையை வண்டியின் முன்னால் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

பத்து நிமிடம் வண்டி நகரவில்லை. அந்த மஞ்சள் ஒட்டுத்தாள் பெண் யாருக்கோ போன் செய்துகொண்டே இருந்தாள். அப்போது அப்பா, "தண்ணி கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். நல்ல கையால் டம்ளரைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி கடைசிச் சொட்டுவரை குடித்தார். "இன்னொண்ணு" என்றார். அதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு டிரைவரிடம், "வெள்ளிக்கிழம வா தம்பி, நல்லா கனமா வெச்சிருப்பேன்" என்றார். தெருவே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். போனை வைத்துவிட்டு, மூட்டையை அவளே கையில் எடுத்து வண்டியில் போட்டாள். எடை போடவில்லை. வெள்ளிக்கிழமை என்ன சொல்வார்களோ தெரியாது. கற்களோடு நிற்பேன்.

நடந்தது இவ்வளவு என்றால் கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். வண்டி போன பிறகு அப்பா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி வந்துச்சே, சின்னவ பேசலையே?" என்றார்.

மெஷின் என்று நான் சொன்னதை அவர் ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. "அவ குரல் எனக்குத் தெரியாதாடா? செவ்வாயும் வெள்ளியும் எட்டரைக்கு அதுக்காகத்தான் உக்காந்திருந்தேன். பதினேழுன்னு நம்ம வீட்டச் சொல்லுவால்ல" என்றார். உன் அறிவிப்பு அவரை அவமானப்படுத்துகிறது என்று உனக்கு நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவர் பெயரில் நான் போட்ட பொய்க் கையெழுத்துதான். உன்னுடையதற்கு என்ன தண்டனை என்று கேட்டிருந்தேன். இரண்டுக்கும் ஒன்றாகவே விசாரிக்கச் சொல்.

ஒட்டுத்தாளை நான் உரித்துவிட்டேன். அபராதம் வந்தால் வரட்டும். கிழித்துப் போடப் போனேன், "இங்க குடு, சிவப்புப் பேனாவும் குடு" என்று அப்பா வாங்கிக்கொண்டார். இடது கைதான் வேலை செய்கிறது, கோடு நடுங்கியிருக்கும், பொறுத்துக்கொள். வார்த்தைகள் எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில் மட்டும், அச்சகத்தில் சந்தேகம் வந்த இடத்தில் எழுதுவாரே, அதை எழுதியிருக்கிறார். உனக்கு அனுப்பச் சொன்னார். இத்துடன் வைத்திருக்கிறேன்:

'மூலப்படியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.'

மூலப்படி ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறது. வண்டி வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வரும். அதற்கு முன்னால் வந்து சேர். பதினேழு என்று நீயே வாசலில் நின்று சொல்.

பெரியவன்